பறித்த கையும் குடித்த வாயும்

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால், மதுரவாயலும் வானகரமும் கழிந்தபின் வேலப்பன்சாவடி வரும். திருவேற்காட்டுக் கருமாரியம்மனைப் பார்க்க வருகிறவர்கள், சாலையோர மருத்துவக் கல்லூரி மாணவர்கள், நோயாளியோடு வந்த உறவினர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று பலரும் நின்று போகும் இடம். பக்கத்தில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாலே இது வழிப்போக்கர் தங்கிப் போன பாதை என்று புரியும். இந்தச் சாலை திருப்பெரும்புதூர், வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. அங்கிருந்து ஹாசன் பக்கம் திரும்பினால் சிக்கமகளூர் மலை. இந்தியக் காபியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. சென்னைக் கடைகளில் வறுபடும் பச்சைக் கொட்டையில் பெரும்பங்கு இந்தத் திசையிலிருந்து வருகிறது.

தமிழரின் காபி வரலாற்றை நாம் வழக்கமாகச் சமையலறையில் தொடங்குகிறோம். பித்தளை பில்டர், முதல் டிகாக்‌ஷன், நுரை பொங்க ஆற்றிய டபரா, கும்பகோணம், மயிலாப்பூர். பொய் ஒன்றுமில்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி சாலையில் கிடக்கிறது. காபி குடிக்கத் தெரிவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே ஆயிரக்கணக்கான தமிழர்கள் காபி பறிக்கக் கால்நடையாகப் போய்விட்டார்கள். பறித்தவர் வேறு, குடித்தவர் வேறு என்ற இந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால்தான் பின்னால் வந்த கடைகளும் பெயர்ப்பலகைச் சண்டைகளும் விளங்கும்.

செடி இங்கே வந்த விதத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பாபா புடன் என்ற சூபித் துறவி 17ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூருக்கு மேலே நட்டார் என்பார்கள். மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் காலக் காபி ஒரு வட்டாரப் பயிராகவே இருந்தது என்பது மட்டும் நிச்சயம். அதைத் தோட்டப் பயிராக்கியது வெள்ளைக்காரர் பணம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காபி வைத்தார். பிறகு வயநாடு, நீலகிரி, குடகு என்று காடுகள் அழிந்து தோட்டங்களாயின. ஆனால் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்த முதல் காபி நாடு இவற்றில் எதுவுமில்லை. அது இலங்கை.

கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் கண்டிக்குச் சாலை போட்டார், காபிக்குச் சலுகை தந்தார், தானும் தோட்டம் வைத்தார். நிலம் தருகிற அதிகாரியே நிலம் வாங்குகிறவராகவும் இருந்த காலம். கரீபியன் தீவுகளில் அடிமை முறை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட, அங்கே காபி விளைச்சல் சரிந்தது. 1835இல் லண்டன் அரசு மேற்கிந்தியக் காபிக்குத் தந்துவந்த வரிச்சலுகையைக் கீழ்நாட்டுக் காபிக்கும் சமமாக்கியது. கரீபியனில் அடிமைக்குக் கிடைத்த விடுதலைதான் கண்டி மலையில் மதுரைச் சீமைக்காரனுக்கு வேலையாக வந்தது. உலகச் சந்தையின் கணக்கு இப்படித்தான் ஓடும்: ஓரிடத்தில் கை விடுபட்டால் வேறோரிடத்தில் கை தேடப்படும்.

மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். வானம் பொய்த்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. இராமேஸ்வரம் பக்கம் வந்து, படகில் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை நூற்றைம்பது மைல் அளவுக்குக் காட்டுவழியில் நடந்தார்கள். தண்ணீர் இல்லாத வழி அது. வாந்திபேதி, காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் கண்டிச்சீமை என்ற சொல் ஆசையும் பயமும் கலந்து வழங்கியது இதனால்தான்.

அழைத்துப் போனவர் கங்காணி. சொந்த ஊர்க்காரர், பெரும்பாலும் ஊரில் கொஞ்சம் செல்வாக்கு உள்ள சாதிக்காரர். வழிச்செலவுக்கு அவர் தந்த முன்பணம் கடனாக ஏறும். ஆள் வேலைக்கு வந்த நாளுக்குக் கங்காணிக்குத் தலைக்காசு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கடனும் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டுக் கூடவே போகும். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம் வேறு இருந்தது. முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். நீலகிரி, வயநாட்டுத் தோட்டங்களுக்கு இது கைகொடுத்தது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் 1893இல் உபாசி என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1903இல், சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. எந்தப் பக்கம் முதலில் சங்கம் கட்டியது என்பதைக் கவனித்தால் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதும் தெரியும்.

காபிக் கூலி தேயிலைக் கூலியைப் போன்றவரில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. காபிக்கு ஆள் தேவைப்படுவது பழம் சிவக்கும் சில மாதங்களுக்குத்தான். பெரும்பாலும் ஆண்கள் போனார்கள், பறித்தார்கள், கையில் கொஞ்சம் காசோடு திரும்பினார்கள். ஊரில் நிலமோ குத்தகையோ இருந்தால் அதில் இறங்கினார்கள். தோட்டம் அவர்களுக்கு ஊராகவில்லை. 1869இல் ஆபிரகாம் ஜோசேப் என்பவர் காபிப் பயிர்செய்கையைப் பற்றிக் கோப்பி கிருஷிக் கும்மி என்று ஒரு நூலே வெளியிட்டார். அந்த அளவுக்குக் காபி அன்று தமிழுக்குள் புகுந்திருந்தது, பானமாக அல்ல, பயிராக.

அதே 1869இல்தான் இலங்கைத் தோட்டமொன்றில் காபி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. இலைத்துரு நோய், ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. இலை உதிரும், செடி உடனே சாகாது, காய்ப்பு ஆண்டுக்காண்டு குறையும். நோய் பரவிக்கொண்டிருந்தபோதே விலை ஏறியதால் துரைமார் கவலைப்படாமல் புதிய காட்டை வெட்டிக்கொண்டு போனார்கள். 1870களின் கடைசியில் சுமார் 2.75 லட்சம் ஏக்கரில் காபி இருந்தது. மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளரை வரவழைத்து 1880 வாக்கில் ஆராய வைத்தார்கள். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவும் வழியை அவர் விளக்கினார். ஒரே பயிரை மலை முழுக்க நெருக்கி வைத்ததே கேட்டுக்கு இடம் கொடுத்தது என்றும் காட்டினார். மருந்துதான் அவரிடம் இல்லை. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது.

காபி போன இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கை வேண்டும், அதிலும் கொழுந்து கிள்ளப் பெண்களின் கை. இனிக் குடும்பத்தோடு வா, லயம் என்ற வரிசை வீட்டில் இரு என்றாயிற்று. மலையகத் தமிழர் என்ற மக்கள் கூட்டம் நிலையாக உருவானது இந்த மாற்றத்தில்தான். 1948இல் குடியுரிமை இழந்தார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதிக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. ஒரு பூஞ்சை செய்த வேலை நூறாண்டு கழித்துக் கூடலூரில் வந்து நின்றது.

இவ்வளவு நடந்தும் ஊரில் காபி குடிப்பவர் அரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தஞ்சை, சென்னைப் பக்கத்து மேல்நடுத்தர வீடுகளில், முக்கியமாகப் பிராமண வீடுகளில், காபி நுழைந்தது. அதுவரை காலையில் நீராகாரம், பழைய சோறு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் இந்தப் புகுதலின் பண்பாட்டுக் கதையைத் தமிழில் முன்னோடியாக எழுதியது. வந்த புதிதில் பத்திரிகைகளில் ஒரே புலம்பல்: உடம்பு கெடுகிறது, காசு கரைகிறது, பெண்கள் இதற்கு அடிமையாகிவிட்டார்கள். குடித்துக்கொண்டே புலம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். விருந்தாளிக்குக் காபி கொடுக்கவில்லை என்றால் மரியாதைக் குறைவு என்ற நிலை ஒரு தலைமுறைக்குள் வந்துவிட்டது.

வீட்டுக்கு வெளியே அது காபி கிளப்பானது. கும்பகோணத்தில் பஞ்சாமி ஐயரின் கடை போன்றவை பெயர் வாங்கின. சென்னையில் உடுப்பிக்காரர்கள் இறங்கினார்கள், கே. கிருஷ்ண ராவ் 1938இல் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். யார் பணம் கொடுத்தாலும் உள்ளே உட்காரலாம் என்பது கடை என்ற ஏற்பாட்டின் விதி. யாரோடு யார் உட்காரலாம் என்பது சாதியின் விதி. இரண்டும் காபி கிளப்பில் மோதின. பல கிளப்புகள் பிராமணர்க்கு உள்ளறை, மற்றவர்க்கு வெளி என்று பிரித்தன. தலித்துகளை வாசலிலேயே நிறுத்தின. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. பெரியார் இயக்கத்தினர் எதிர்த்துப் போராடி 1941இல் அதை நீக்க வைத்தார்கள். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டாண்டு கழித்தும் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் பிராமணாள் என்ற சொல் இருந்தது. 1957இல் திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் அதன் முன் மறியல் செய்து நூற்றுக்கணக்கில் கைதானார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன். கீழ்ப்பழனி மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த நாடார் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மலையில் காபிச் செடிக்கு நிழலாக மலைவாழை வைப்பார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சிப் பழம் அப்படி விளைவதுதான். சௌந்தரபாண்டியன் 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தலித்துகளை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகளைச் சட்டம் காட்டிப் பணிய வைத்தார். தியாகராய நகரின் பாண்டி பஜாருக்கு அவர் பெயர்தான். காபி என்றாலே ஒரு சாதியின் சொத்து என்று நினைப்பவர்கள் இந்தத் தோட்டக்காரரை நினைத்துப் பார்க்கலாம்.

காபி எல்லோருக்கும் பொதுவான பானமாவதற்குப் போராட்டம் ஒரு காரணம் என்றால், விற்காமல் தேங்கிய சரக்கு இன்னொரு காரணம். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் இந்தியக் காபியின் ஏற்றுமதி விலை படுத்தது. 1935இல் அமைந்த காபி வரிக் கமிட்டி, உள்நாட்டில் குடிக்க வைப்பதே வழி என்று முடிவு செய்து 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸைத் திறந்தது. பிறகு உலகப்போர் வந்து ஐரோப்பியச் சந்தையை மூடியது. 1940இல் அவசரச் சட்டம், 1942இல் காபிச் சட்டம், காபி வாரியம். விளைந்த காபி முழுவதும் வாரியத்தின் பொதுத்தொகுப்பில் சேர வேண்டும்; விவசாயிக்குப் பணம் தவணை தவணையாக வரும். வாரியம் ஊர் ஊராகக் கடை வைத்துத் தூள் விற்றது, விளம்பரம் செய்தது. பாரம்பரியம் என்று இன்று நாம் பெருமைப்படும் பழக்கத்தில் கணிசமான பங்கு, சீமைக்குப் போகாமல் நின்றுபோன மூட்டைகளை இறக்கிவைக்க அரசு எடுத்த முயற்சிக்குச் சேரும். காபி ஹவுஸ்களை 1957இல் வாரியம் மூடத் தொடங்கியபோது, ஏ. கே. கோபாலனின் தூண்டுதலில் தொழிலாளர்கள் கூட்டுறவு அமைத்து அவற்றைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள்.

காபி பொதுவானபோது சிக்கரியும் கூட வந்தது. புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பூமிக்கு வந்த கடவுளுக்குச் சென்னை ஹோட்டலில் கிடைப்பது சிக்கரி கலந்த காபிதான். சிக்கரி ஒரு கிழங்கு. குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கமும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. காய்ந்த கிழங்கை வறுத்து அரைத்தால் கறுப்பும் கெட்டியும் கிடைக்கும், விலையும் மலிவு. கலவைத் தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்கிறது உணவுச் சட்டம். சிக்கரி கலந்தவரைப் பழிப்பது எளிது. நாலு பேர் குடிக்கும் வீட்டில் ஒரு பாக்கெட் தூள் மாதக்கடைசி வரை வர வேண்டும் என்ற கணக்கு அந்தக் கிழங்கில்தான் தீர்ந்தது. கடையில் நின்று பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் ஏ இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சொல்லி அரைத்து வாங்குபவரின் ரசனைக்குப் பின்னாலும் அவர் சம்பளம் நிற்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு வருவோம். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலைகளும் எழுந்தபோது, டீயோ காபியோ, சாதி கேட்காமல் அருகருகே உட்கார்ந்து குடிக்கும் இடம் ஒன்று கிடைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்ல இடம் தந்திருந்தது. ஷிப்டு மணி அடித்ததும் ஒரே வரிசை, ஒரே டம்ளர். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை பல பத்தாண்டுகள் நீடித்தபோது, அந்தக் கிராமத்தை விட்டு வந்த இளைஞனுக்கு இந்த வரிசை சாதாரண விஷயம் இல்லை. டம்ளரில் இருந்தது பெரும்பாலும் டீதான். காபிக்குப் பால் நிறைய வேண்டும், விலையும் கூடுதல். அம்பத்தூரிலும் மாதவரத்திலும் ஆவின் பால் நிலையங்கள் வந்து பாக்கெட் பால் வாசலுக்கு வந்தபிறகே புறநகர்க் கூலிக்குடும்பத்தில் காலைக் காபி நிலைத்தது என்பது என் கணிப்பு.

விலையோ இங்கே தீர்மானமாவதில்லை. 1975இல் பிரேசிலில் விழுந்த பனி 1977இல் உலகச் சந்தையை உச்சத்துக்கு ஏற்றியது. 1989 ஜூலையில் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. அடுத்து, இந்தியக் காபியைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது. பொதுத்தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முற்றிலும் நீங்கியது. விவசாயிக்கு விற்பனைச் சுதந்திரம் கிடைத்தது. கூடவே, வியட்நாமின் ரொபஸ்டா வெள்ளமாக வந்து 2001–02இல் விலை தரைதட்டியபோது தாங்கிப் பிடிக்க ஆளும் இல்லாமல் போனது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டி, 1977இன் உச்சத்துக்கும் மேலே நின்றது. பிரேசிலின் வறட்சி அதற்கு முக்கியக் காரணம். சென்னையில் தூள் விலையும் உயர்ந்தது. இந்தியா விளைவிப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குப் போவதால், இங்கே குடிப்பவர் ரோம் நகரத்துக்காரரோடு போட்டியிட்டு வாங்குகிறார்.

கடந்த பதினைந்து ஆண்டுகளாக நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகைகள் முளைத்தன. பித்தளை டபரா, முற்றம் போலப் போட்ட கூரை. கும்பகோணத்துக்கும் அவற்றில் பலவற்றுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. நான் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் அந்தப் பெயர் பலரை வெளியே நிறுத்திய கிளப்புகளின் நினைவைத் தாங்கியது. இன்று காரை நிறுத்துகிற யாரும் உட்கார்ந்து குடிக்கிறார்கள். ருசியை வைத்துக்கொண்டு சாதியைக் கழற்றிவிட்ட வியாபாரம் அது. அந்த அளவில் நல்லதே. ஆனால் அந்தக் கடைகளின் சுவரில் தொங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மலை இருக்கும், பில்டர் இருக்கும், அக்ரகாரத் திண்ணை இருக்கும். கூடையோடு நிற்கும் பறிகாரியைத் தேட வேண்டும்.

குடித்தவர்களிடம் எழுத்து இருந்தது. நாட்குறிப்பு, சிறுகதை, பத்திரிகைக் கட்டுரை, விளம்பரம் எல்லாம் அவர்களைப் பற்றிப் பேசுகின்றன. பறித்தவர்களைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் துரையின் கணக்கேடும் அரசின் சாவுப் பதிவும்தான். தென்மாவட்டத்திலிருந்து வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களில் யார் வீட்டிலாவது கண்டிச்சீமைக்கோ குடகுக்கோ காபி பறிக்கப் போன பாட்டன் பாட்டியின் பேச்சு இன்னும் வழங்கினால், அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கங்காணி, எவ்வளவு கடன். இந்த வரலாற்றுக்கு இன்று மிகவும் தேவைப்படும் ஆவணம் அதுதான்.